மலை தெரிகிற போன்

செஞ்சியில் போன் வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்கள் கடைக்காரர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். இரண்டு போன்களைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள். ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்து நீட்டி, விரலால் இழுத்துப் பெரிதாக்குவார்கள். உச்சியில் இருக்கிற கட்டடத்தின் ஜன்னல் எதில் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் நல்ல போன். இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து அந்த மலையைத்தானே பார்க்கிறோம், இன்னும் கிட்டத்தில் எதற்கு?

அம்மாவுக்குப் போன் வாங்கப் போனபோதும் என் தம்பி இதைத்தான் செய்தான். அம்மாவுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றொன்றில் பாதிதான். பழைய பட்டன் போன் கத்துகிற கத்தலுக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது. பயணம் கூடாதென்று டாக்டர் சொன்னதால் நிறைமாதத்தோடு பெங்களூரிலேயே தங்கிவிட்ட என் தங்கையுடன் தினமும் சாயங்காலம் பேசிவிடுவாள். அந்தப் போன் செத்துப்போனதால்தான் கடைக்குப் போனோம். அம்மா வேர்க்கடலை வயலுக்கு மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். அவளையும் கூட்டி வரலாம் என்று நான் சொன்னதை யாரும் மதிக்கவில்லை.

"அக்கா, இதுல பாரு, மேல குந்தியிருக்கிற கொரங்கு கூட தெரியுது. அதுல வெறும் பாறைதான்."

"கொரங்கா போன் பண்ணப் போவுது? சத்தம் எதுல நல்லா கேக்குதுன்னு பாருடா."

கடைக்காரர் சிரித்தார். "சத்தம் எல்லா போன்லயும் ஒண்ணுதாங்க மேடம்."

ஒன்றாம்! கேமரா எத்தனை, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கேம் விளையாடினால் சூடாகுமா என்று சலித்துச் சலித்து ஒப்பிட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து அம்மா என்ன கேம் விளையாடப் போகிறாள்? போனில் பேச முடியுமா என்பது மட்டும் அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. தம்பி காசு, தம்பி விருப்பம். குரங்கு தெரிந்த போனே வீட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "இன்னா? இன்னாடி?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டால் குரல் உடைந்து கரகரத்தது. தங்கை சொன்னதை அம்மாவுக்கும் அம்மா சொன்னதைத் தங்கைக்குமாக நான் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பிரசவத்தை நினைத்துப் பயந்துபோயிருக்கிற பெண், அம்மாவிடம் சொல்ல வேண்டியதை இப்படியா சொல்வாள்? "ஒண்ணுமில்லக்கா, வெச்சுடறேன்" என்றாள். போனை மாற்றிக்கொடு என்று தம்பியிடம் சண்டை போட்டேன். "இவ்ளோ நல்ல போனையா?" என்று அவன் என்னைத்தான் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

மல்லாட்டை முடிந்ததும் அம்மா பெங்களூர் போவதாக இருந்தது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. வீடியோ வந்ததும் தம்பி ஓடி வந்து அம்மா முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரும்மா, புருவத்து முடி கூட எப்டித் தெரியுது பாரு!"

அம்மா பார்த்தாள். பிறகு போனை அவன் கையிலிருந்து வாங்கி, கேட்கிற காதில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அழுவுதா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவள் காதருகே குனிந்து கத்தினேன். "அழுவுதும்மா. நல்லா அழுவுது."