மார்த்தாவுக்கு வராத கப்பல் சீட்டு

கடந்த மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மருமகள் இங்ரிட்டுடன் ஹாமர் நகரின் குடிபெயர்ந்தோர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். அவள் பிறந்த வீட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து நோர்வேஜியக் கையெழுத்து, ஒருவருக்கும் விளங்கவில்லை; அதை வாசிப்பிக்கத்தான் போனோம். எழுதியவர் ஆண்டர்ஸ், அவளுடைய பூட்டி மார்த்தாவின் அண்ணன். டக்கோட்டாவில் அரசாங்கம் கொடுத்த இலவச நிலத்தில் கோதுமை விதைத்தவர். தங்கைக்குக் கப்பல் சீட்டு அனுப்புவதாகச் சொல்லி, அனுப்பவே இல்லை. இங்ரிட்டின் அப்பாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார்.

ஸ்டோவ்னரில் டி-பானே என்ற சுரங்க ரயில் ஏறி ஒஸ்லோ மத்திய நிலையம், அங்கிருந்து எட்டரை மணி ரயில். ஏறத்தாழ 125 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 249 குரோனர். இடப்பக்கம் உட்காருங்கள், மியோசா ஏரி வெகுதூரம் கூடவே வரும். ஹாமரிலிருந்து டாக்சியில் பத்து நிமிடம்.

அமெரிக்காவில் நோர்வேக்காரர் கட்டிய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அருங்காட்சியக வளவில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மரமே இல்லாத புல்வெளியில் இப்படி ஒரு வீடு எழுப்புவதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

ஆவணப் பகுதியில் இருந்த பெண் கடிதத்தை மெதுவாக வாசித்தார். பழைய நோர்வேஜியம் எனக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தமிழ் பழகிய இங்ரிட் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

"மாமி, அங்கை ரயில் கொம்பனி வைச்சதுதான் சட்டமாம். நல்ல கோதுமையையும் தரம் குறைவு எண்டு சொல்லித்தான் வாங்குவாங்களாம்."

"வேறை இடத்திலை விக்கேலாதோ?"

"இருக்கிறதே அந்த ஒரு தண்டவாளம்தானாம்."

அதனால் விவசாயிகள் பள்ளிக்கூடத்தில் கூடி, சொந்தமாக ஒரு தானியக் களஞ்சியம் கட்டத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆங்கிலம் சரியாக வராத ஆண்டர்ஸ் எழுந்து நோர்வேஜியத்திலேயே பேசினாராம். பக்கத்து ஜெர்மன்காரர்களும் கை தூக்கினார்களாம். ஆளாளுக்கு இருந்ததைக் கொடுத்தார்கள்.

இங்ரிட் அந்தப் பெண்ணிடம் ஒரு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"என்ன பிள்ளை?"

"மார்த்தாவின்ரை சீட்டுக் காசு, மாமி. அதைத்தான் குடுத்திருக்கிறார். 'உன்னைக் கேக்காமல் குடுத்தன், அது என்ரை பிழை' எண்டு எழுதியிருக்கிறார்."

அந்தப் பெண் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் வேறொருவரின் கையெழுத்து, பென்சிலால், இரண்டே வசனங்கள். அவர் இருமுறை பார்த்துவிட்டு வாசித்தார்: 'அண்ணன் செய்தது சரி. ஆனாலும் நான் போயிருப்பேன்.'

திரும்பும்போது இங்ரிட் ரயிலிலிருந்து அப்பாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ட்ரோம்மனில் இருக்கும் அந்த மனிதர், பக்கத்து லில்லெஸ்ட்ரோம் நிலைய மேடையில் மழையங்கியுடன் நின்றார். நாங்களும் இறங்கினோம். பென்சில் எழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நோர்வேஜியத்தில் கேட்டார்: "கூட்டத்தில் என்ன பேசினாராம்?"

"அதை எழுதவில்லை, அப்பா."

"எழுதியிருக்கலாம்," என்றார்.

நீங்கள் போவதானால், முதலில் ஆவணப் பகுதியிடம் மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள், கடிதத்தின் இருபக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். திறக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நிறைய நடக்கவேண்டும், நல்ல சப்பாத்து போடுங்கள்.

என் அண்ணன் விமானச் சீட்டு அனுப்பினார், நான் நோர்வேக்கு வந்தேன். அதற்குப் பதிலாக இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், மார்த்தாவின் இரண்டாவது வசனத்தை நானும் எழுதியிருப்பேன். முதலாவதை எழுதியிருப்பேனா, தெரியாது.