இங்கிலீஷ் தேதி

எங்கள் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயரில் ‘இன்றைய சிறப்பு’ வாசிப்பது டீச்சர்களில் என் தலையில் விழுந்த வேலை. அன்றைய தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார்கள், அது என்ன தினம் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி மைக்கில் வாசிக்க வேண்டும். கடைசியில் அன்று பிறந்தநாள் காணும் பிள்ளைகளின் பெயர்கள். தேதியைத் தட்டினால் போதும், நெட்டில் மூட்டை மூட்டையாக வந்து விழும். கண்டதற்கெல்லாம் ஒரு தினம் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்தான் என்று யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

ஜூலை இருபதுக்கும் பஞ்சமில்லை. மனிதன் நிலவில் இறங்கிய நாள். உலகச் சதுரங்க தினம். எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவர் பிறந்த நாள். அமெரிக்காவில் குச்சி மிட்டாய் தினம் வேறு. என் மகள் பிறந்ததும் அன்றுதான். அவளுடைய ஏழாவது பிறந்தநாள் காலையில் என் அண்ணன் செத்துப்போனதும் அன்றுதான்.

அண்ணன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தான். நான் ஹாலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வந்தது. “ஏனுங்க, உங்க அண்ணன் லோடு ஏத்திட்டு இருக்கயில மயங்கி விழுந்துட்டாருங்க” என்றார் ஒருவர். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குத் திதிதான் கணக்கு. அண்ணனுக்கு ஆடி மாத வளர்பிறைத் திருதியை. அது ஒரு வருடம் ஜூலைக் கடைசியில் வரும், ஒரு வருடம் ஆகஸ்ட்டில் வரும். அண்ணி அன்றைக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அழுது முடித்துவிடுவாள். ஜூலை இருபதன்று என் மகளுக்குப் போன் போட்டு வாழ்த்தும் சொல்லுவாள். கட்டிய பெண்டாட்டியே அப்படி. எனக்கு மட்டும் அந்தத் தேதிதான் கணக்கு. காலையிலிருந்தே அழுவேன். கேக் கிடையாது, பாயசம் கிடையாது. பிரேயர் தாளில் மகள் பெயரையும் எழுதுவதில்லை.

“திதிதான் தனியா குடுக்குறோம்ல. இன்னும் எதுக்கு இந்த இங்கிலீஷ் தேதியக் கட்டிக்கிட்டு அழுவுற? பிள்ள மொகத்தப் பாரு” என்பார் என் வீட்டுக்காரர். செத்தது உங்கள் அண்ணனா என்று எரிந்து விழுவேன்.

இந்த வருடம் மகளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு, என் பள்ளிக்கூடத்திலேயே. முந்தின நாள் சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தாளில் எழுதினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நிலவு வந்தபோது, அமெரிக்கக் கணக்குக்கு இருபதாம் தேதி ராத்திரி கால் வைத்தார்கள், நம் ஊரில் அப்போது இருபத்தொன்றாம் தேதி காலை என்று வாத்தியார் புத்தியில் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

“அப்ப எதும்மா சரி?”

“ரெண்டும் சரிதான். அவுக ஊருக்கு அது, நம்ம ஊருக்கு இது.”

எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். “வேற யாரும் அன்னைக்குப் பொறந்திருக்காங்களாம்மா?” என்றாள்.

“அம்புட்டுத்தான். எடுத்து வை” என்றேன். எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

மறுநாள் பிரேயருக்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவளுடைய வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். “டீச்சர், ரிஜிஸ்டர்ல உங்க பொண்ணு தேதிய மாத்தணுமா? இருபத்தொண்ணுன்னு போடுங்க மிஸ்ங்கிறா. ஏன்டின்னு கேட்டா, அமெரிக்காவுலதான் இருபதாம், இங்க இருபத்தொண்ணாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையில் நின்றவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“இருபதுன்னா நீ அழுவம்மா. இருபத்தொண்ணுல ஒண்ணும் இல்லைல. அன்னைக்கு வச்சுக்கலாம்ல” என்றாள். கோபமே இல்லாமல், வீட்டுக் கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் என் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பான்.

மைக்கில் நிலவை வாசித்தேன், சதுரங்கத்தை வாசித்தேன். பிறந்தநாள் பிள்ளைகள் இருவரின் பெயரை வாசித்துவிட்டு, தாளில் இல்லாத மூன்றாவது பெயரையும் வாசித்தேன். பிறந்தநாள் என்றால் எங்கள் பள்ளியில் சீருடை வேண்டாம், கலர் டிரஸ்தான். ஒருத்தி மஞ்சள் பாவாடையில் மேடை ஏறினாள். ஒருவன் பளபளக்கிற சட்டையில் ஏறினான். என் மகள் சீருடையில் ஏறினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.