நாங்கள் திருத்திய சுவர் ஹீட்டர்

அண்ணை இருந்தார். வீடு அவர் பெயரில் எடுத்தது. பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் இருந்தான். அவனைப் பாண்காரன் என்றுதான் கூப்பிடுவோம். தம்பி இருந்தான், முன்னறைக் கட்டிலில், மூன்று போர்வைக்குள். நான் இருந்தேன். பாண்காரனுடைய போனுக்குள் ரொறன்ரோக்காரர் ஒருவர் இருந்தார். அவரையும் சேர்க்கத்தான் வேண்டும். அன்றைக்கு அதிகம் கதைத்தவர் அவர்.

நோபல் பார்க்கில் ரயில் பாதைக்குப் பின்பக்கத்து வீடு. ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி.

தம்பி என்றால் சின்னப்பிள்ளை இல்லை. நாற்பது வயது. என்னோடு படகில் வந்தவன். நெஞ்சில் சளி இறங்கி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதன்கிழமை விட்டார்கள். குளிர் படக்கூடாது, திரும்பவும் நெஞ்சில் இறங்கினால் தாங்கமாட்டான் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை ஹீட்டர் நின்றது.

முன்னறைச் சுவருக்குள் பதித்த காஸ் ஹீட்டர் அது. என் வயது இருக்கும். உள்ளே சின்னச் சுடர் ஒன்று எப்போதும் எரிய வேண்டும். குமிழை அழுத்திப் பிடித்தால் எரியும். கையை எடுத்தால் அணையும். மூன்று நாளாக ஆள் மாறி ஆள் அழுத்திப் பிடித்தோம். என் பெருவிரல் கன்றிப்போனது.

வீட்டுச் சொந்தக்காரர் தமிழர். அங்கிள் என்போம். இடையில் ஏஜென்ட் இல்லை. மூன்று பேருக்குத்தான் வீடு, நாலாவது தலையைக் கண்டால் எல்லாரும் வெளியே என்று முதல்நாளே சொன்னவர். தம்பி நாலாவது தலை.

அண்ணை அவருக்கு எடுத்தார். அவர் போனைத் தூக்கவில்லை. பிறகு வாட்ஸப்பில் குரல் வந்தது.

"தம்பியவை, அது பழைய சாமான், ஆனா நல்ல சாமான். ஆள் ஒண்டும் கூப்பிட வேண்டாம். யூடியூப்பில எல்லாம் கிடக்கு. பாத்துச் செய்யுங்கோ. எல்லாத்துக்கும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தா எப்பிடி?"

பின்னால் ஒரு வீடியோவும் வந்தது. திறந்து பார்த்தோம். காருக்குள் இருக்கும் ஹீட்டரை எப்படித் திருத்துவது என்று ஒரு வெள்ளைக்காரன் காட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணை தூஷணத்தால் பேசினார். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பதில் எங்களுக்கும் வசதிதான். ஆள் வந்தால் தம்பியின் கட்டிலைப் பார்ப்பான். போய்ச் சொல்லுவான். அதனால் நாங்கள் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

பாண்காரன் ஹீட்டரைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் எங்கள் ஆட்களின் குழு ஒன்றில் போட்டான். உதவி தேவை என்று எழுதினான். ஒருவர் கும்பிடும் கை போட்டார். ஒருவர் அறை வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்டார். பழசை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார் ஒருவர். தலையில் தட்டச் சொன்னார் இன்னொருவர், ஹீட்டரின் தலையிலா எங்கள் தலையிலா என்று எழுதவில்லை. வாசிக்க வாசிக்க எனக்கு வாயில் புளித்தது. கடைசியில் ரொறன்ரோக்காரர் வந்தார். இருபத்து மூன்று வருடம் வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் திருத்துகிறவராம். போனில் வாருங்கள், முகம் பார்த்துக் கதைப்போம் என்றார்.

அங்கே சனிக்கிழமை இரவு. கோடைகாலம். பெனியனோடு இருந்தார். பின்னால் காற்றாடி சுழன்றது. கையில் ஒரு கிளாஸ்.

"முன் தகரத்தைக் கழட்டுங்கோ."

"கழட்டியாச்சு அண்ணா," என்றான் பாண்காரன்.

"என்ன தெரியுது?"

"ஊத்தை."

"என்ன ஊத்தை?"

"எல்லா ஊத்தையும் கிடக்கு அண்ணா."

நான் டண்டினோங் பக்கம் இறைச்சித் தொழிற்சாலையில் குடல் கழுவுகிறவன். மணம் எனக்குப் புதிதில்லை. அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கை விட்டேன். எங்களுக்கு முன்னிருந்தவர்கள், அவர்களுக்கும் முன்னிருந்தவர்கள், எல்லாருடைய தலைமயிரும் அதற்குள் இருந்தது. கறுப்பு, செம்பட்டை, நரை. தூசியோடு சேர்ந்து கம்பளி மாதிரித் திரண்டிருந்தது. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. எலிப்புழுக்கை. வெட்டிய நகம். கோழி எலும்பு ஒன்று, கடித்தது. அடியில் எலி ஒன்று காய்ந்து தோல் மட்டும் தகரத்தோடு ஒட்டியிருந்தது. பாண் வெட்டும் கத்தியால் சுரண்டினேன். இத்தனை நாளும் இதன் மேலால் வந்த காற்றைத்தான் சூடு என்று முகத்தைக் காட்டிக் குடித்திருக்கிறோம். தம்பி எங்களைவிட அதிகம் குடித்தான். அவன் கட்டில் ஹீட்டருக்கு நேரே.

"அங்கிள்ட்ட இதையும் அனுப்பட்டோ?" என்று கேட்டான் பாண்காரன். எலித்தோலைக் கடதாசியில் வைத்திருந்தான்.

"அனுப்பு. வாடகைக்கு இன்னொராள் இருந்தது எண்டு சொல்லு," என்றான் தம்பி போர்வைக்குள்ளிருந்து. சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. அண்ணை முதுகைத் தடவினார்.

ரொறன்ரோக்காரர் அடுத்ததைச் சொன்னார். சின்னச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு செப்புக் கம்பி நிற்கும். அதன் நுனியைச் சுடர் சுடவேண்டும். நுனியில் கரி பிடித்தால் காஸ் தன்னால் பூட்டும். சட்டி தேய்க்கும் கம்பியால் நுனியைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். குமிழை அழுத்தினேன், பற்றவைத்தேன், முப்பது எண்ணினேன், கையை எடுத்தேன். சுடர் நின்றது.

பாண்காரன் கை தட்டினான். அண்ணை ஹீட்டரைக் கும்பிட்டார். ரொறன்ரோக்காரர் கிளாசைத் தூக்கிக் காட்டினார். சூடு வந்தது. எலி வெந்த மணமும் சேர்ந்து வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வீட்டைச் சுத்திக் காட்டுங்கோ பாப்பம்," என்றார் அவர்.

பாண்காரன் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனான். இங்கே பழைய வீடுகளில் சுவரின் மேல்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள் வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் அதால் குளிர் ஊதும்.

"உதென்ன ஓட்டை? வெளிச் சுவரிலயோ? விசரே உங்களுக்கு? சூடு முழுக்க உதால போகுது. இஞ்ச எண்டா ஒரு ஊசி ஓட்டையும் விடமாட்டம். எல்லாத்தையும் அடையுங்கோ."

நியாயமாகப் பட்டது. கனடாக் குளிரில் இருக்கிற மனிதன் சொன்னால் யார் மறுப்பது? கதிரையில் ஏறி அடைத்தோம். அண்ணை உடுத்திக் கிழித்த பழைய சாரம், கிழிந்த துவாய், அரிசிப் பை, காலுறை. மேலால் டேப் ஒட்டினோம். கதவின் கீழ் இடுக்குக்கும் போர்வை சுருட்டி வைத்தோம். ஒரு மணிக்கெல்லாம் வீடு புட்டுப்பானை மாதிரி இருந்தது. தம்பி இரண்டு போர்வையை உதறினான்.

அண்ணை ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருந்தார். அடுப்பு மூட்டுமுன் குசினி விசிறியைப் போடவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கறி மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை அங்கிளுக்குச் சொல்லியிருந்தாள். அதிலிருந்து மிளகாய் வறுத்தாலும் மீன் பொரித்தாலும் அந்த விசிறி முழு வேகத்தில் ஓடும். புகையை இழுத்துக் கூரைக்கு மேலே தள்ளும். அன்றைக்கும் ஓடியது.

தம்பி தலை இடிக்கிறது என்றான். பாண்காரன் தனக்கும் இடிக்கிறது என்றான்.

"பசி. கறி இறங்கட்டும்," என்றார் அண்ணை.

தம்பி கட்டிலில் சத்தி எடுத்தான். அண்ணை துவாய் கேட்டார். துவாயெல்லாம் சுவர் ஓட்டைக்குள். பிறகு தம்பி எழும்பினான், கழிவறைக்குப் போக. இரண்டு அடி வைத்தான். விழுந்தான். முகம் தரையில் அடித்த சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

தூக்கிக் கட்டிலில் போட்டோம். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இருந்தது.

பாண்காரன் உடனே போன் எடுத்தான். யாருக்கு? ரொறன்ரோக்காரருக்கு. அங்கே நடுச்சாமம் கடந்திருந்தது. அவர் கண் சிவந்திருந்தது.

"வெறும் வயித்தில மருந்து குடிச்சிருப்பார். இஞ்சித் தண்ணி குடுங்கோ. காலை உயத்தி வையுங்கோ."

அண்ணை இஞ்சி இடித்தார். நான் கால்களைத் தூக்கி வைத்தேன். இஞ்சித்தண்ணி அவன் வாயில் நிற்கவில்லை, கன்னத்தால் வழிந்தது.

"அம்புலன்சைக் கூப்பிடுவமே?" என்றான் பாண்காரன்.

"கூப்பிட்டா ஆர் எண்டு கேப்பாங்கள். பேர் எழுதுவாங்கள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில நிண்டு பாப்பாள். பின்னேரத்துக்குள்ள அங்கிளுக்குப் போயிடும்," என்றார் அண்ணை.

"விருந்தாளி எண்டு சொல்லுவம்."

"கட்டிலோட வந்த விருந்தாளியோ?"

"அப்ப உங்கட காரில கொண்டுபோங்கோ."

"எனக்குத் தலை சுத்துது. நீ ஓடு."

"என்னட்ட லைசன்ஸ் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? விசாவோட விளையாடச் சொல்லுறியளோ?"

"சும்மா கத்தாதை. கொஞ்சம் படுக்கட்டும். முழிப்பான்."

எனக்கும் தலை இடித்தது. தெரிந்த தலையிடி. நெற்றியில் தொடங்கிப் பின்கழுத்தைப் பிடிக்கும், காலில் பலம் இருக்காது, நித்திரை வரும். படகில் எஞ்சினுக்குப் பக்கத்தில், அதன் புகைக்குள்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே இதே தலையிடி இரண்டு நாள். எனக்கு இடப்பக்கம் படுத்தவர் மூன்றாம் நாள் எழும்பவில்லை. தெரிந்தும் நின்றேன். அங்கிளையும், வீட்டையும், விசாவையும் நானும்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஹீட்டரைப் பார்த்தேன். காலையில் நீலமாக இருந்த நெருப்பு மஞ்சளாக ஆடியது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணி வழிந்தது.

அதற்குப் பிறகுதான் கை அசைந்தது. குமிழைப் பூட்டினேன். முன்கதவைத் திறந்தேன். தம்பியை அக்குளால் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். போனை எடுத்து அவசர உதவிக்கு மூன்று தரம் பூச்சியத்தை அழுத்தினேன். பெயர், விலாசம் கேட்டார்கள். சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்றும் கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

அம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் வந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. தம்பிக்கு ஒக்சிஜன் போட்டுக் கொண்டுபோனார்கள். தீயணைப்புப் பெண் ஒருத்தி கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டுக்குள் போனாள். பெட்டி கீச்சிட்டது. முன்னறையில் இன்னும் பலமாகக் கீச்சிட்டது. குசினி விசிறி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் நிறுத்தினாள்.

சுவரைப் பார்த்தாள். ஒரு டேப்பை உரித்து, அண்ணையின் சாரத்தை முழமுழமாக வெளியே இழுத்தாள். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பிறகு ஆறுதலாக, பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னாள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. அதற்கு ஈடாக உள்ளே வர வேறு வழி இல்லை. அதனால் ஹீட்டரின் புகைக்கூட்டால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஹீட்டரின் நச்சுப் புகை மேலே போகமுடியாமல் அறைக்குள்ளேயே திரும்பிவிட்டது. அந்த ஓட்டைகள் சும்மா வைத்தவை இல்லை என்றாள். அவளுடைய பொறுமை எனக்கு அருவருப்பாக இருந்தது. திட்டியிருந்தால் நல்லது.

பாண்காரன் ரொறன்ரோக்காரருக்குச் சொன்னான்.

"உங்களிட்ட நச்சுக்காத்து அலாரம் இல்லையோ? இஞ்ச எல்லா வீட்டிலயும் கட்டாயம். எங்கட பர்னஸ் வெளியிலயிருந்து குழாயால காத்து எடுக்கும். உங்கட மெஷின் வேறயாக்கும்," என்றார்.

அதை முதலே கேட்டிருக்கலாம். காலையிலிருந்து கேட்கிறதற்கு நேரம் இருந்தது. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

பேஸ்புக் குழுவில் நடந்ததைப் பாண்காரன் எழுதினான். மற்றவர்கள் இப்படிச் செய்யக்கூடாது என்றுதான் எழுதினான். அரைமணியில் ஆழ்ந்த அனுதாபங்கள் வரத் தொடங்கின. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று திரும்ப எழுதினான். அதற்குக் கீழேயும் ஓம் சாந்தி போட்டார்கள்.

பின்னேரம் அங்கிளின் குரல் வந்தது.

"லைசன்ஸ் இல்லாம காஸில கை வைக்கக்கூடாது எண்டு தெரியாதோ? ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்? படிக்காத ஆக்களுக்கு வீடு குடுத்தது என்ர பிழை. மாசக் கடைசியில வெளிக்கிடுங்கோ."

அண்ணை பழைய குரலைப் போட்டுக் காட்டத் தேடினார். யூடியூப்பில் பாருங்கள் என்ற குரல் இல்லை. கார் ஹீட்டர் வீடியோவும் இல்லை. அங்கிள் அழித்திருந்தார். அண்ணை ஆறிப்போன ஆட்டிறைச்சிக் கறியைச் சட்டியோடு குப்பையில் போட்டார்.

மூன்றாம் நாள் நானும் பாண்காரனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி கட்டிலில் எழும்பி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். என்னைத் தெரிந்தது. பாண்காரனின் பெயர் உடனே வரவில்லை. அவன் மகளின் பிறந்தநாளைக் கேட்டபோது கூரையைப் பார்த்தான்.

டொக்டர் பெண் ஒருத்தி வந்தாள். இளம் பெண், தமிழ் இல்லை. விழுந்ததிலிருந்து வெளியே எடுக்கும் வரைக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மூளைக்கு எவ்வளவு சேதம், எவ்வளவு திரும்பி வரும் என்று பார்க்க அது வேண்டுமாம்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"என்னை உடன வெளியில எடுத்திருப்பியள்தானே?"

"ஓம். உடன," என்றேன்.

டொக்டர் எழுதிக்கொண்டு வெளியே போனாள். தம்பி கஞ்சியைப் பார்த்துத் தலையாட்டினான். என் பொய்யின் மணம் எனக்கே வந்தது, எலி மணத்தைவிட மோசம்.

நடைபாதைக்கு வந்தேன். பாண்காரனுடைய போனை வாங்கினேன். தம்பி விழுந்தவுடன் அவன் ரொறன்ரோவுக்கு எடுத்தது இரண்டு ஒன்பதுக்கு. என்னுடைய போனைப் பார்த்தேன். தம்பியை வாசலுக்கு இழுத்தவுடன் நான் எடுத்தது இரண்டு இருபத்து மூன்றுக்கு.

"விடுங்கோ. இனி என்ன?" என்றான் பாண்காரன்.

டொக்டர் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன். நான் முதலில் சொன்னது பிழை, அதை வெட்டுங்கள் என்றேன். அவள் வெட்டினாள். பேனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பதினான்கு நிமிடம்.