தாண்டக் கூடாத பூசணிக்காய்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முதன்முதலாகச் செயலாளர் ஆனவனும் நான்தான். அடையாறில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு. கையெழுத்து நன்றாக இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறிவிப்புப் பலகையில் என் பெயர் ஏறியது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வருகிற உறவினரையெல்லாம் பலகை முன்னால் நிறுத்தி, "இத்தோ, இதான் நம்ம பையன்" என்று சரியான வரியில் விரலை வைப்பார். அந்த வரி அங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு லட்சியம் கிடையாது.

அது எழுபதுகளின் தொடக்கம். இரண்டாம் மாடிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பொறியாளர் குடும்பம் திரும்பி வந்திருந்தது. அவருடைய ஒன்பது வயது மகள் ஒருநாள் என்னிடம் ஒரு மனு கொடுத்தாள். அக்டோபர் கடைசி நாளில் அங்கே பேய்ப் பண்டிகையாம். பூசணிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பார்களாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களாம். இங்கேயும் நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தாள். விவரம் தெரிந்த செயலாளராக இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான் அதை நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாகச் சேர்த்தேன். முதலாவது தண்ணீர் மோட்டார், இரண்டாவது மொட்டை மாடியில் வடாம் உலர்த்தும் முறை.

கூட்டத்தில் மோட்டாரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

"இப்பத்தான் கொலுவை எடுத்து வெச்சேன். தீபாவளி வரப்போறது. நடுவுல பேயை ஆத்துக்குள்ள அழைச்சிண்டு வரணுமா?" என்றார் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் மாமி.

"பேயே கிடையாதுங்கறேன். இல்லாத ஒண்ணுக்கு விழா எதுக்கு?" என்றார் முதல் மாடிக்காரர். பேய், பிசாசு, சகுனம் எதுவும் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்.

"இல்லாததுன்னா நடத்தினா உமக்கென்ன கஷ்டம்?" என்று மாமி உடனே கட்சி மாறினார்.

சங்கத் தலைவருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிக்காரர். "பிள்ளை ஆசைப்படுது, நடத்திருவோம். ஆனா தீவாளி யாவார நேரம். அபசகுனம் ஏதும் ஆயிரப்படாது, பாத்துக்கிடும்" என்றார்.

கை தூக்கச் சொன்னதில் பாதிக்குப் பாதி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "விழாவைப் பற்றி ஒரே ஒரு புகார் வந்தாலும் பதவி விலகுகிறேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் என் அழகான கையெழுத்திலேயே அதை எழுதியும் வைத்தேன். விழா முடிவாகிவிட்டது.

அம்மா மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறிக் கூடை வைத்திருந்தாள். மஞ்சள் நிறக் காய் வேண்டும் என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன்.

"பரங்கிக்காயா? சாம்பார்ல போடற காய்க்குப் பேய் பயப்படுமாடா? வெள்ளப் பூசணிதான் தோது" என்று பன்னிரண்டு வெள்ளைப் பூசணிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். பிள்ளைகள் செதுக்கினார்கள். வாயில் ரத்தம் வழிய வேண்டும் என்று மனு கொடுத்த பெண் சொன்னதால் குங்குமப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தது நானேதான்.

பண்டிகையன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால், மாடிப்படிக்குக் கீழே ஒரே கூட்டம். படிக்கு ஒன்றாகப் பூசணிக்காய்கள். வெட்டின வாய், நிறையக் குங்குமம், உள்ளே மெழுகுவத்தி. வெட்டிக் குங்குமம் தடவிய பூசணிக்காய் தரையில் கிடந்தால் யாருக்கோ திருஷ்டி கழித்தது என்று ஊருக்கே தெரியும். தாண்டினவர் அந்தத் திருஷ்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தெருமுனைகளில் கிடந்தவற்றை நானும் சுற்றித்தான் போயிருந்தேன். ஆனால் செதுக்கும்போது அது தோன்றவேயில்லை.

முதல் மாடிக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நீங்க தாண்டிப் போகலாமே சார்?"

"நம்பிக்கைக்காக நிக்கல தம்பி. வழுக்கும்."

"ஓரமா போங்க சார்."

"ஓரமும் வழுக்கும்."

அம்மா கூடையோடு வந்து சேர்ந்தாள். "ஐயே, இன்னாடா இது? படி பூரா கழிச்சிப் போட்டு வெச்சிகீற?"

தலைவர் வந்தார். பார்த்தார். "என்னவே இது? என் வீட்டுக்கு நானே போவ முடியல. புகார யாருட்ட குடுக்கணும்?"

"என்கிட்டதான் அண்ணாச்சி."

"அப்ப ஒரு பேப்பர் எடும்."

பேப்பரை எடுத்து நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்தபோது, பலகையிலிருந்த என் பெயரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் அவருடைய கடை வாசல் நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, உங்க கடை வாசல்ல மேல என்ன தொங்குது?"

"பூசணிக்கா."

"அதுல என்ன வரைஞ்சிருக்கு?"

"பூத மூஞ்சி. கண்ணு படாம இருக்க…" அவர் பேனா நின்றது. படிகளைத் திரும்பிப் பார்த்தார். "அட! கீழ கெடந்தாத்தானே கழிப்பு? மேல தொங்குனா காவலுல்லா! கயிறு எங்கவே?"

கயிறு அம்மாவின் கூடையில் இருந்தது. குங்குமத்தைக் கழுவி, பன்னிரண்டு வாசலிலும் பன்னிரண்டு பூசணிகளைக் கட்டினோம். முதல் மாடிக்காரர் தன் வாசலில் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். விழுந்தால் தலையில் அடிபடுமாம்.

அப்புறம் பேய்கள் கிளம்பின. மாமி கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ. ஒரு பாட்டுப் பாடுங்கோ, அப்பறந்தான் சுண்டல்" என்றார். கொலுவுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். போர்வை போர்த்திய பேய் ஒன்று பாடியது. மாமி தொடையில் தாளம் போட்டு, "சுருதி சேரலையே, திரும்பப் பாடு" என்றார். முதல் மாடிக்காரர் ஆளுக்கு ஒரு கமர்கட் கொடுத்து, நீங்கள் யாரும் உண்மையில் இல்லை என்று விளக்கி அனுப்பினார்.

மறுநாள் காலை கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. மனு கொடுத்த அதே பெண் எழுதியது. பூசணிக்காய் தரையில்தான் இருக்க வேண்டும். பேய்கள் பாட்டுப் பாடுவதில்லை. சுண்டல் மிட்டாய் ஆகாது. மூன்று புகார்கள். எனக்கு ஒன்றே போதும்.

ராஜினாமாவை எழுதி அன்று மாலையே கூட்டத்தில் வைத்தேன்.

"சின்னப் பிள்ளை புகார்லாம் செல்லாதுவே" என்றார் தலைவர்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் முதல் மாடிக்காரர்.

"கொழந்தையைக் கூப்பிட்டுக் கேளுங்கோளேன்" என்றார் மாமி.

அவள் வந்தாள். அடுத்த வருஷம் ஒழுங்காக நடத்த வேண்டும் என்றாள்.

"இவர் போயிட்டா யார் நடத்துவா?" என்று மாமி கேட்டார்.

அவள் எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "என் லெட்டரைக் குடுங்க."

புகாரைத் திரும்பப் பெற எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் தீர்மானப் புத்தகத்தின் மேல் தாளை வைத்து, இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவளுக்கென்று ஒரே ஒரு பூசணிக்காய், யார் வழியிலும் படாமல், மொட்டை மாடித் தரையில் வைக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இறங்கி வந்தபோது அப்பா பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். ராஜினாமாவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். விரல் அந்த வரியில் இருந்தது.

"பேரு இன்னும் கீதாடா?"

"கீதுப்பா."

அதற்கப்புறம்தான் விரலை எடுத்தார்.