யாரும் தொடாத கீபோர்டு

நான் கதை விடுகிறேன் என்று என் மனைவியே சொல்வாள். சொல்லட்டும். 1988 மார்ச்சில், திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு மாடியில், இது எனக்கு நடந்தது.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பேசிக் மொழி படித்தேன். மறுநாள் தேர்வு. தேறினால் அங்கேயே ஆசிரியர் வேலை. இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூரில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வேண்டியதுதான்.

பேசிக்கிலேயே தயாராக இருக்கும் ஃபங்ஷன் என்ற கட்டளைகளில் ஒன்றைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். சென்டரை நடத்திய சகாதேவன் சார் எழுதிய அந்தக் குலுக்கலில் ஒரு ஓட்டை இருந்தது. மிஷினை அணைத்துப் போட்டால் எப்போதும் அதே வரிசைதான் வரும். முதல் ஆள் நான். எனக்கு 'லென்', ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது. அதை மட்டும் உருப்போட்டிருந்தேன். புத்திசாலி!

மாலை 5.40. தனியாக உட்கார்ந்தேன். பக்கத்தில் டிபன் பாக்ஸ். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

குலுக்கினேன். 'லென்' வரவில்லை. 'இன்கீ டாலர்' வந்தது.

அணைத்துப் போட்டேன். இன்கீ டாலர்.

மறுபடியும்... இன்கீ டாலர்.

எந்தக் கீயை அழுத்துகிறோம் என்று காட்டும் ஃபங்ஷன் அது. புத்தகத்தைப் பார்த்து நாலு வரி அடித்து ஓட்டினேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

டக்.

திரையில்... ஆர்.

நான் தொடவில்லை.

டக். ஏ...

டக். ஜே...

கீபோர்டு ஒயரைப் பிடுங்கினேன்.

டக். ஏ...

திறக்காத டிபனைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

மறுநாள் சார் குலுக்கினார். இன்கீ டாலர். அந்த நாலு வரியை எழுதினேன். ஓடியது. வேலை எனக்குத்தான். ஆனால் சார் முகம் வெளுத்துவிட்டது.

"இது எப்படிப்பா வந்துச்சு? போன வருஷமே இதைத் தூக்கிட்டேனே."

"ஏன் சார்?"

"ராஜமதின்னு ஒரு பொண்ணு. உங்க ஆளுங்கதான். அதுக்கு இதான் வந்துச்சு. தெரியாம முழிச்சுக்கினே உக்காந்துச்சு. பொழுது போயிடுச்சு. சாப்பிடாமலே கிளம்பி... ரோட்டைத் தாண்டறப்ப லாரி. டிபனைக்கூடத் திறக்கலப்பா."

ராஜமதி... நேற்று திரையில் வந்தவை அந்தப் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்துகள்.

மெல்லத் திரும்பினேன். என் டிபன் பாக்ஸ் அங்கேயே இருந்தது.

திறந்தேன். காலி.

"நேத்து நீதானே கழுவி வெச்ச?" என்றார் சார். "நான் பூட்ட வந்தப்ப தண்ணி சொட்டிக்கினு இருந்துச்சு."

"எத்தனை மணிக்கு சார்?"

"ஆறு."

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.