அந்தமானில் அடுப்பு பார்த்தவன்

சுற்றுலாக் கோஷ்டியோடு போகிற சமையல்காரனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான். அடுப்பு வலது பக்கமா இடது பக்கமா என்பதுதான் வித்தியாசம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கோஷ்டி கிளம்புகிறதென்றால், எந்த ஊருக்கு என்று கேட்பதற்கு முந்தி "சமையலுக்கு ஆள் கூட வருதா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஆளாக நான் ஏழு தடவை அந்தமான் போய்விட்டேன். சொந்தக்காரர்களோடு ஊர் சுற்றப் போய், அவர்களுக்கு வெந்நீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தே திரும்பி வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

அங்கே கண்ணாடிப் படகு என்று ஒன்று உண்டு. அடியில் கண்ணாடி பதித்திருக்கும். குனிந்தால் கடலுக்குள் இருக்கிற பவளப்பாறையும் மீனும் தெரியும். ஏழு தடவையில் ஒரு தடவைகூட நான் அதில் ஏறியதில்லை. ஆனால் எங்க ஊர் முக்கூடலில் வீட்டுக்காரி ஆசையாகக் கேட்கும்போது, இல்லை என்று சொல்ல வாய் வருமா? பாறையெல்லாம் கோயில் கோபுரம் மாதிரி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நிற்கும், மீன் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டித் தண்டி இருக்கும் என்று அளந்துவிட்டேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எட்டாவது தடவை கிளம்பும்போது மனசு உறுத்தியது. கூட வருகிற டிராவல்ஸ் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "கடைசி நாள் காலையில படகு. அதுவரைக்கும் ஒரு வேளைக்கு மேல சாப்பாடு பிந்தலைன்னா நீரும் ஏறிக்கிடும்" என்றார். இருபத்திரண்டு பேர், ஐந்து நாள்.

இறங்கியதும் கடலைப் பார்க்கலாம்

தங்குகிற இடத்தில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். நம்ம கோஷ்டி அத்தனை ஜன்னலையும் தாண்டி நேரே சமையல்கட்டுக்கு வந்து நின்றது. முன்னால் நின்றவர் செல்லத்துரை அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிப்பதில் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் உளுந்து ஊறப்போட்டிருந்த பாத்திரத்தைத் திறந்து, நாலு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பின்னால திரும்பிப் பாருங்க, கடலு எப்பிடிக் கெடக்குன்னு" என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "கடலு எங்கவே ஓடிரப் போவுது? உளுந்து சரியா ஊறலைன்னா நாளைக்கு நம்ம கதி என்ன?"

கடலில் நீராடலாம்

குற்றாலத்தில் குளித்துப் பழகிய உடம்பு, தண்ணீரைக் கண்டால் எண்ணெய் கேட்கும். மறுநாள் காலையில் ஆண்கள் எட்டுப் பேர், இட்லிப்பொடிக்கு என்று நான் வைத்திருந்த நல்லெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக்கொண்டு, பொரித்தெடுத்த அப்பளம் மாதிரி பளபளவென்று கடலுக்குள் இறங்கினார்கள். பக்கத்தில் படுத்திருந்த வெளிநாட்டுத் தம்பதி துண்டைச் சுருட்டிக்கொண்டு தூரப் போனது.

உப்புத் தண்ணீரில் சீயக்காய்க்கு எண்ணெய் போகுமா? சோப்பும் நுரைக்கவில்லை. எண்ணெயின் மேல் மணலும் ஒட்டிக்கொள்ள, எட்டுப் பேரும் வரிசையாக என் சமையல்கட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். சோற்றுக்கு வைத்திருந்த நல்ல தண்ணீர் இரண்டு டிரம்மும் தலைக்குப் போய்விட்டது. அரிசி களைய வேண்டிய நேரத்தில் நான் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே படகு பாதி தூரம் போய்விட்டது. செல்லத்துரை அண்ணாச்சிக்கு அதெல்லாம் கவலையா? தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "மேல இருந்து விழாத தண்ணியில என்னத்தவே குளிக்க?"

உள்ளூர்ச் சாப்பாட்டை ருசிக்கலாம்

மூன்றாம் நாள் மதியம் எனக்கு ஓய்வு. தீவுக்காரர்கள் கடுகு அரைத்துவிட்டு மீன்குழம்பு வைத்துப் பரிமாறினார்கள். ஒரு வாய் வைத்ததும் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு முடிந்தது. ரசம் வைக்க ஓடினேன். கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டதால் முதலாளி இதைப் பிந்தியதில் சேர்க்கவில்லை.

மேலப்பாளையம் ரஹ்மத் பீவி அக்கா மட்டும் மரியாதைக்காக அந்தக் குழம்பை முழுக்கச் சாப்பிட்டார்கள். எப்படி இருந்தது என்று பைய கேட்டேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "மீனு நல்ல மீனுதான் மாஸ்டரே. அது மவுத்தாயி உசுரு போனதுக்குப் பொறவு நடந்ததுதான் சரியில்ல."

சும்மா இருக்கலாம்

இரண்டு தென்னைக்கு நடுவே கயிற்றுத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள், படுத்து ஆடுவதற்கு. தலைமையாசிரியையாக இருந்த தவமணி டீச்சர் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். "மாஸ்டர், நாளைக்குப் படகு ஏறப் போறதாச் சொன்னீங்களே, வேலை முடிஞ்சிருமா?" என்றார்கள். கட்டுச்சோற்றுக்கு ரெண்டு படி சின்ன வெங்காயம் உரிக்கக் கிடக்கிறது என்றேன். டீச்சர் அங்கேயிருந்தே கை தட்டி, கடற்கரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டார்கள்: "சும்மா இருக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? வெங்காயத்தக் கொண்டாங்க!"

கண்ணாடிப் படகில் ஏறலாம்

அந்த வெங்காயம்தான் என்னைக் காப்பாற்றியது. கடைசி நாள் பொங்கல், வடை, கட்டுச்சோறு எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. முதலாளி தலையை ஆட்டினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி நடையில் ஏறினேன். பக்கத்தில் யார்? செல்லத்துரை அண்ணாச்சியேதான்.

குனிந்தேன். கோபுரமும் இல்லை, சிவப்பும் இல்லை. பாறை சாம்பல் நிறத்தில், காய்ந்துபோன இடியாப்பம் மாதிரி கிடந்தது. மீன் எல்லாம் விரல் நீளம். அதில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று மட்டும் கண்ணாடிக்கு நேரே வந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இத்தனை வருஷத்தில் என்னிடம் வாயைத் திறந்தும் சாப்பாடு கேட்காத உயிர் அது ஒன்றுதான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுப்பு மறந்துபோனது. காதுக்குள் அண்ணாச்சி குரல் கேட்டது. நான் நிமிரவே இல்லை. "மாஸ்டர், அந்த மஞ்ச மீனு குழம்புக்கா, பொரிக்கதுக்கா?"

திரும்பி வந்து கதை சொல்லலாம்

பையை இறக்கி வைத்ததும் வீட்டுக்காரியை உட்காரவைத்து, கண்ணால் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சாம்பல் நிறம், இடியாப்பம், விரல் நீளம், வாயைத் திறந்த மீன். எட்டுத் தடவையில் முதல் தடவையாக உண்மை பேசுகிறோம் என்று எனக்கே நெஞ்சு நிறைந்திருந்தது.

அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ரொம்ப இரக்கமாகத்தான் சொன்னாள்: "ஏழு தடவை கோபுரம், கன்னுக்குட்டின்னு சொன்னிய, இப்பம் இடியாப்பம், விரலுங்கிய. இந்தத் தடவை அடுப்ப விட்டு நவுறவே விடலைன்னு நேராச் சொன்னா நான் என்ன கோவிக்கவா போறேன்?"

ஆகவே, தீவுக்குப் போகிற புண்ணியவான்களே, கண்ணாடிக்குள் குனிந்து உள்ளதைப் பார்ப்பதில் குற்றமில்லை, வீட்டுக்கு வந்ததும் பழைய பொய்யையே சொல்லிவிடுங்கள்.