லாக்கரில் தங்கிவிட்ட கடிதம்

தினமும் காலை ஏழு மணிக்கு நான் அறுவை மருத்துவரைப்போல் உடுத்திக்கொள்கிறேன். தலையுறை, முகமூடி, வெள்ளை அங்கி, காலுறை, கடைசியாகக் கையுறை. இந்த வரிசை மாறக்கூடாது. பிறகு கதவைத் தாண்டி, நோயாளி என்று எவரும் இல்லாத குளிர்ந்த அறையில், நுண்ணோக்கியின் கீழ் நகத்தளவு சிலிக்கன் துண்டுகளில் கீறல் தேடுகிறேன். "டாக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் படுத்துக்குங்க" என்பார் பக்கத்து மேசை லெட்சுமி அக்கா. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியும் பஸ்ஸுமாக வருகிறவர். நான் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேலி.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வந்தபோது எனக்குப் புதுமையாக இருந்தது உடையல்ல, ஒரு சிவப்புப் பொத்தான். ஒவ்வோர் இயந்திரத்திலும் அது உண்டு. பிழை கண்டவர் எவராயினும் அழுத்தி நிறுத்தலாம். முதல் மாதம் நான் அதைத் தொடவேயில்லை. பிழைகளை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதி, மாலையில் மேற்பார்வையாளர் சந்திரன் அண்ணனிடம் பணிவாகக் கொடுத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் குடுத்தா நான் என்னா செய்றது? அத்தனையும் குப்பைக்குப் போச்சுலா. மொதல்ல நிறுத்து. அப்புறமா என்கிட்ட வந்து சண்டை போடு."

அதன்பின் நிறுத்தினேன். சண்டையும் போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நான் அப்படி வளர்ந்தவளல்ல. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளியை மாற்றும் தரப்படுத்தலில் மருத்துவபீடத்துக்கு நான்கு புள்ளிகள் குறைந்தபோது, ஏன் என்று எவரிடமும் கேட்கவில்லை. விஞ்ஞானபீடத்தில் இடம் கிடைத்தது, போனேன். இரசாயனவியல் பேராசிரியரின் விரிவுரையில் மூன்று ஆண்டுகள் முன்வரிசையில் அமர்ந்தேன். சந்தேகங்களை மடியில் வைத்திருந்த கொப்பியில் எழுதி, நூலகத்தில் நானே விடை தேடினேன். கை உயர்த்துவது அவருடைய நேரத்தைத் திருடுவது என்று நினைத்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, பினாங்கில் இருந்த சித்தப்பா என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டார்.

ஜோர்ஜ் டவுன் நூலகம் ஒன்றில்தான் அந்தக் கையேட்டைக் கண்டேன். பட்டம் பெற்றவர்களை மருத்துவக் கல்லூரிக்குத் தயார்செய்யும் அமெரிக்கப் படிப்பு அது. வெளிநாட்டவருக்கு உதவித்தொகையுடன் ஓரிடம் இருந்தது. ஒருவர் ஒருமுறை மட்டுமே விண்ணப்பிக்கலாம். தேவையானவற்றைப் பட்டியலிட்டேன்: பல்கலைக்கழகப் பெறுபேறு, ஆங்கிலத் தேர்வு, ஒரு கட்டுரை, இரண்டு சிபாரிசுக் கடிதங்கள். முதல் கடிதத்தைப் பேராசிரியர் நேரடியாக அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். இரண்டாவது, என் வேலையை நேரில் கண்டவர் எழுத வேண்டியது.

சந்திரன் அண்ணன் அதை ஒட்டாத உறையில் கொண்டுவந்து நீட்டினார். "படிச்சுப் பாரு. நீ என்கிட்ட போட்ட சண்டை ஒண்ணுவிடாம எழுதியிருக்கேன்," என்று சிரித்தார். உடைமாற்றும் அறையில் நின்றபடி படித்தேன். "இவர் என் முடிவை மூன்று முறை எதிர்த்து இயந்திரத்தை நிறுத்தினார். இரண்டு முறை இவர் சொன்னதே சரி. மூன்றாம் முறை பிழை இவருடையது. தானே வந்து ஒப்புக்கொண்டார்." எனக்குக் காது சூடேறியது. எங்கள் ஊரில் இப்படி நற்சான்றிதழ் எழுதினால் அந்தப் பிள்ளையை எவரும் சேர்க்கமாட்டார்கள்.

சித்தப்பாவும் அதையே சொன்னார். "பிள்ளை, இதென்ன சான்றிதழா, முறைப்பாடா? இதை அனுப்பினால் ஆர் உன்னை எடுப்பினம்?" கோயில் சபைத் தலைவர் அவருடைய நண்பர். மறுநாளே கடிதம் வந்தது: அமைதியானவர், நல்ல குடும்பம், பெரியோர் சொல் தட்டாதவர். என்னிடம் அவர் கண்ட வேலை, திருவிழாவில் நான் தேவாரம் பாடியது மட்டுந்தான். அதையே அனுப்பினேன். சந்திரன் அண்ணனின் கடிதத்தை லாக்கரில் வைத்தேன்.

"லெட்டர் போயிருச்சா?" என்று அவர் கேட்டபோது, "ஓம் அண்ணை," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் நீலநிற வான்கடிதம் வந்தது. பேராசிரியர் மரியாதைக்காகத் தம் கடிதத்தின் பிரதியொன்றை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அப்பா அதைத் தம் உருண்டையான எழுத்தில் பார்த்தெழுதி அனுப்பியிருந்தார். "மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட இவர் கேள்வி கேட்டு என்னைத் தொந்தரவு செய்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர்." அதன்கீழே அப்பா: "இதைவிட வேறென்ன எழுத ஏலும், மகள்?"

முதலில் பெருமைதான் வந்தது. பிறகு அதையும் கோயில் தலைவரின் கடிதத்தையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தேன். எந்த இயந்திரத்தையும் நிறுத்தாத ஒருத்தியை மருத்துவராக்கும்படி இருவர் கேட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் சந்திரன் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன்.

"உன்னைத் திட்டியா எழுதினேன்? புகழ்ந்துலா எழுதியிருந்தேன்."

அன்றே விரைவுத் தபாலில் அதை அனுப்பினேன். மறுப்புக் கடிதத்தோடு பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. காலம் கடந்து வந்ததால் கோப்பில் சேர்க்கவில்லையாம். மறுப்பில் ஒரு வரி மட்டும் எனக்கென்றே எழுதப்பட்டிருந்தது: உங்கள் குணத்தைப் பலவாறு அறிந்தோம், நீங்கள் எப்படிச் சிந்திப்பீர்கள் என்பதை அறிய வழியிருக்கவில்லை.

லெட்சுமி அக்கா இப்போது டாக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. "என்னாம்மா, சாப்டியா?" என்கிறார். அந்தக் கேலி இல்லாதது எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

அப்பாவுக்கு இன்னும் எழுதவில்லை. பேராசிரியரின் பிரதியை அவர் கண்ணாடிச் சட்டமிட்டு, வீட்டு முன்சுவரில் என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகத் தங்கை எழுதியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்கிறார்களாம். ஒருமுறைகூடக் கேள்வி கேட்காத நான் அங்கே சுவரில் இருக்கிறேன். சண்டை போடுகிற நான் இங்கே பிரிக்காத உறைக்குள், லாக்கரின் மேல்தட்டில். காலையில் செருப்பைக் கழற்றி வைக்கும்போது அந்த உறை தெரிகிறது. தலையுறை, முகமூடி, அங்கி, காலுறை, கையுறை. கையுறை போட்டபின் லாக்கரைத் தொடக்கூடாது என்பது விதி.